ஒரு பாட்டில் பாசி

ஊர் முழுக்கக் குளித்து, துவைத்து, கழுவி அனுப்புகிற தண்ணீர் கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்கிறது. இருபத்தாறு வருடமாக வருகிறது. இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. விசேஷ வீடுகளில் யாராவது என்ன வேலை என்று விசாரித்தால், 'தண்ணீர்த் துறை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவேன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர் என்று முழுதாகச் சொன்னால், எதிரில் இருப்பவர் தன் கையை நான் குலுக்கியதை நினைத்துப் பார்க்கிறார். அது முகத்தில் தெரியும்.

எங்கள் வேலை சுலபமாகப் புரியக்கூடியதுதான். முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக், ஒற்றைச் செருப்பு எல்லாம் மாட்டிக்கொள்ளும். பிறகு மண் படியும். பிறகு பெரிய தொட்டிகளில் காற்றடித்து, கிருமிகளை வளர்த்து, மிச்ச அழுக்கை அவற்றைத் தின்ன வைப்போம். கடைசியில் வெளியே போகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்க்க வருகிறவர்கள் 'அடடா' என்பார்கள். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் கரைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அது உரமாகிவிடும். ஏரி பச்சைக் கம்பளம் போர்த்திக்கொள்ளும், அடியில் மீன் மூச்சுக்குத் தவித்துச் செத்து மிதக்கும். ஊர் எங்களைத் திட்டும். அதுவும் நியாயம்தான்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் டாக்டரம்மா வந்தார். அவர் ஆராய்ச்சி டாக்டர். இது புரியாமல் முதல் மாதம் முழுக்க எங்கள் ஆட்கள் தலைவலி, முதுகுவலி என்று போய் நின்றார்கள். 'நான் அந்த டாக்டர் இல்லீங்க' என்று அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது மாதம் ஒரு அட்டை மாத்திரை வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். அங்கேதான் அவர் எனக்குப் பிடித்துப் போனார்.

அவருடைய யோசனை இதுதான். ஏரியில் போய்ப் பாசி எதைத் தின்று கொழுக்கிறதோ, அதை நம் காம்பவுண்டுக்குள்ளேயே பாசிக்குப் போட்டுவிடுவது. வெளியே திருடித் தின்கிற பிள்ளைக்கு வீட்டிலேயே வயிறாரச் சாப்பாடு போடுகிற மாதிரி. பின்பக்கத்துக் காலி இடத்தில் ஓட்டப்பந்தய மைதானம் போல நீள்வட்டமாக ஒரு சிமெண்ட் வாய்க்கால் கட்டினார்கள். எங்கள் பேச்சில் அது 'குளம்'. முழங்கால் ஆழம். ஒரு பக்கத்தில் துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை நகர்த்திக்கொண்டே இருக்கும், எல்லாப் பாசிக்கும் முறை வைத்து வெயில் கிடைப்பதற்காக. அந்தப் பாசி ஏரிப் பாசி மாதிரி நூல் நூலாகத் தொங்குகிற ஜாதி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாது. கோடிக்கணக்கில் கூடினால்தான் பச்சை என்று ஒன்று தெரியும். தினமும் ஒரு பங்கு பச்சைத் தண்ணீரை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் தெளியவிட்டால், பாசி அடியில் படிந்து உரத்துக்குப் போகும். தெளிந்த நீர் ஏரிக்கு.

தொண்ணூறு நாள் சோதனை. பாஸ்பேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே நிற்க வேண்டும். தொண்ணூறாம் நாள் கமிட்டி வரும். தேறினால் பின்பக்கம் முழுக்க நாலு பெரிய குளம். தேறாவிட்டால் இருக்கிற குளத்தையும் மண் போட்டு மூடுவார்கள், டாக்டரம்மா மூன்று வருட உழைப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

குளத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எனக்குப் பொறுமை அதிகமாம். உண்மையில் எனக்கு வீட்டுக்குப் போக அவசரம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரி வெளியூரில் இருக்கிற மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. அந்த மூன்று மாதத்துக்கு இப்போது இரண்டு வயதாகிறது. பல் முளைத்து, நடை பழகி, வீடியோவில் என்னைப் பார்த்தால் அழுகிறது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை, குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை பாட்டி இல்லாமல் ஆகாது. யார்மேலும் குற்றம் சொல்ல வழியில்லை. அதுதான் கஷ்டமே. பெண்டாட்டி இறந்திருந்தால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் சமாதானம் பேச வருவார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிற பெண்டாட்டியை நினைத்து ஐம்பத்தாறு வயது ஆள் ஏங்குகிறான் என்றால், சிரிக்கத்தான் வருவார்கள்.

அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவள் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கேஸ் மூடினீங்களா. எல்லாவற்றுக்கும் ஆமாம். எட்டு நிமிடத்தில் பேரன் போனைப் பிடுங்கிவிடுவான்.

இருபதாவது நாளோ என்னவோ, சாம்பிள் எடுத்தது போக ஒரு லிட்டர் பாட்டிலில் பச்சைத் தண்ணீர் மிச்சம் இருந்தது. கீழே ஊற்ற மனம் வரவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் சமையலறை ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலையில் வெயில் பட்டதும், பாட்டிலின் ஓரமாகக் குட்டிக் குட்டிக் குமிழிகள் வரிசையாக மேலே ஏறின. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, டீ ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொன்றும் மூச்சுவிடுகிறது.

பாசியைச் சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும். குளத்தில் துடுப்புச் சக்கரம் இருக்கிறது, வீட்டில் நான்தான் சக்கரம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு குலுக்கு. குலுக்கும்போது சும்மா குலுக்க முடியுமா, இரண்டு வார்த்தை பேச வேண்டியதாயிற்று. முதலில் 'என்ன, எழுந்தாச்சா' அளவில்தான் இருந்தது. போகப் போக அன்றைக்குப் பஸ்ஸில் நடந்தது, மோட்டார் அடித்த கிண்டல் எல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். மோட்டார் என்பது பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். பம்புச் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்து, மரணச் செய்தியைக்கூட மைக் வைத்த மாதிரி சொல்லுகிறவன்.

ஜன்னல் வெயிலில் பாட்டில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. இங்கேதான் நான் புத்திசாலி ஆனேன். சாதாரண மனுஷன் என்றால் குழாயைத் திறந்து நிரப்பியிருப்பான். நான் இருபத்தாறு வருட அனுபவசாலி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, பாசியைக் கொன்றுவிடும் என்று நாலு பேருக்கு வகுப்பு எடுக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். ஆகவே மொட்டை மாடிக்கு ஏறினேன். எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது அலங்கார மீன் வளர்த்த சிமெண்ட் தொட்டியை விட்டுப் போயிருந்தார்கள். மீன் இல்லை. மழைத் தண்ணீர் இருந்தது. குளோரின் இல்லாத சுத்தமான மழைத் தண்ணீர் என்று எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு டம்ளரில் மொண்டு வந்தேன்.

வாரக் கடைசியில் பாட்டில் கொஞ்சம் வெளிறினாற்போல் இருந்தது. வீட்டில் அதற்கு என்ன சாப்பாடு இருக்கிறது, பாவம். திங்கட்கிழமை அதை வேலைக்குக் கூட்டிப் போய், பாதியைக் குளத்தில் ஊற்றிவிட்டு, புதுப் பச்சையை நிரப்பிக்கொண்டு வந்தேன். பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிக் கூட்டி வருகிற மாதிரி. அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதுவே வழக்கமாகிவிட்டது. சில வாரங்கள் கழித்து பாட்டிலுக்குள் வெள்ளையாக, கடுகில் பாதி அளவுக்குப் புள்ளிகள் துள்ளுவதைப் பார்த்தேன். விரட்டவில்லை. குடும்பம் பெருகுது என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

எழுபத்தோராம் நாள் காலையில் குளத்தின் பச்சை இளைத்திருந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் பால் குறைவான டீ நிறம். அதற்கு மறுநாள் குளத்தின் சிமெண்ட் தரை தெரிந்தது. இரண்டு மாதமாகப் பார்க்காத தரை. அதில் என்றைக்கோ நான் தவறவிட்ட பேனாகூடக் கிடந்தது. புள்ளி ஏழில் இருந்த பாஸ்பேட் நாலு புள்ளி எட்டுக்கு ஏறியிருந்தது.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார். குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் செய்த மாதிரி ஒரு பிராணி. ஒற்றைக் கறுப்புக் கண். உடம்புக்கு உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரிந்தது. குடல் முழுக்கப் பச்சை. நீர்த்தெள்ளு என்றார். பத்து நாளில் ஒன்று நூறாகிவிடும், பாசி தவிர வேறு எதையும் கேட்காது என்றார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அது ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே பார்க்கிற துள்ளல்.

பறவை ஏதாவது கொண்டு வந்திருக்குமோ என்று கேட்டேன். என் குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"பறவையா இருந்தா நாளைக்கும் வரும்ல?" என்றார். "உள்ளே வர்ற தண்ணியோட வந்திருந்தாலும் அதே கதைதான். எதுவா இருந்தாலும் நம்மால தடுக்க முடியாது. நாலு குளம் வெட்டினா நாலையும் இது தின்னுடும். அப்படித்தான் எழுதியாகணும்."

அப்படித்தான் எழுதினார். இந்த முறை இந்த இடத்துக்குச் சரிப்படாது என்று. அவர் எழுதுவதை நான் எதிரே நின்று, கையில் விளக்குமாறோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வாயைத் திறந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். குளத்தின்மேல் தப்பு இல்லை, தண்ணீர்மேல் இல்லை, முறையின்மேல் இல்லை, ஒரு முட்டாள்மேல்தான் தப்பு என்று ஆகிவிடும். முட்டாளை மாற்றலாம். இது எனக்குப் புரியாமல் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்ததாகவும் நினைக்க வேண்டாம், ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. பயம் எல்லாம் அடுத்த கேள்வியை நினைத்துத்தான். எதுக்கு வீட்டுக்குக் கொண்டு போனீங்க? அதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதில், அது வெளியே சொல்லுகிற பதில் இல்லை.

ஜன்னல் பாட்டிலில் இருந்ததைக் கொதிக்க வைத்துக் கொட்டினேன். அடுத்த இரண்டு வாரமும் குளத்தின் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், தேய்க்க ஒன்றுமில்லாவிட்டாலும். கமிட்டி வருவதற்கு முந்தைய நாள் டாக்டரம்மா அறைக்குப் போனேன். மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். நிமிர்ந்து என்ன என்றார். தலைவலி என்றேன். டிராயரைத் திறந்து இரண்டு மாத்திரை எடுத்துக் கையில் வைத்தார். ஒன்று இப்போது, ஒன்று சாப்பாட்டுக்குப் பிறகு என்றார். இல்லாத தலைவலிக்கு இரண்டையும் விழுங்கினேன். அப்புறம் நிஜமாகவே தலை வலித்தது.

கமிட்டியில் ஐந்து பேர். எங்கள் சீஃப் நடுவில். பக்கத்தில் டை கட்டிய ஒருவர், நோட்டும் பேனாவுமாக. வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், போனை விட்டுக் கண்ணெடுக்காதவர். மற்ற இரண்டு பேர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள். நான் சாம்பிள் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைக்க நிறுத்தப்பட்டிருந்தேன். டாக்டரம்மா எழுபது நாள் வரைக்கும் சந்தோஷமான குரலில் படித்தார். எழுபத்தொன்றிலிருந்து வேகமாகப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, ஆகையால் இந்த முறை இந்த இடத்துக்கு, என்றபோது என் வாய் தானாகத் திறந்தது.

"சார், அது என் வீட்லேருந்து வந்தது."

எது என்றார் சீஃப். பூச்சி என்றேன். உங்க வீட்டிலிருந்து பூச்சி எப்படி இங்கே வரும் என்றார். பாட்டிலைச் சொன்னேன். மாடித் தொட்டியைச் சொன்னேன். திங்கட்கிழமைகளைச் சொன்னேன். நிபுணர் முதல் முறையாகப் போனைக் கவிழ்த்து வைத்தார். டை கட்டியவர், இந்தப் பாசியை வெளியே யாருக்காவது விற்றீர்களா, சத்து மாவு, முகப்பூச்சு என்று என்னென்னவோ செய்கிறார்களே என்று மிக மரியாதையாகக் கேட்டார். சாக்கடையில் வளர்ந்த பாசியை எந்தப் பைத்தியமும் வாங்காது என்று டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார். என் பக்கமும் திரும்பவில்லை.

"அப்புறம் எதுக்குய்யா கொண்டு போனீங்க?" என்றார் சீஃப்.

மூன்று பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்று, சொந்த ஆராய்ச்சி. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது பொருந்தாது. இரண்டு, பூந்தொட்டிக்கு உரம். வீட்டில் பூந்தொட்டி இல்லை. மூன்றாவது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

"வீட்ல யாரும் இல்ல சார்," என்றேன். "ஏதாவது ஒண்ணு உயிரோட இருக்கட்டும்னு."

பிஸ்கட்டுக்காரர்களில் ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார். டை கட்டியவர் நோட்டில் எதையோ எழுதினார். அந்த வாக்கியத்தில் எழுதிக்கொள்ள என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

முதலில் பேசியது டாக்டரம்மாதான். குரலில் கோபம் இருந்தது, ஆனால் கேள்வி எல்லாம் வேலைக் கேள்வி. எத்தனை தடவை ஊத்தினீங்க? ஏழு. எவ்வளவு? அரை லிட்டர். அந்தத் தொட்டியில தண்ணி இன்னும் இருக்கா? இருக்கு. பிறகு சீஃப் பக்கம் திரும்பினார். நம் நிலையத்துக்குள் வருகிற தண்ணீரில் இந்தப் பூச்சி இல்லாமல், இவர் வீட்டுத் தொட்டியில் இதே பூச்சி இருந்தால், முறையின்மேல் பழி இல்லை என்று நிரூபித்துவிடலாம். இன்று மாலை வரை நேரம் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள்.

மோட்டார் பம்ப் ஹவுஸிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து வந்து வலைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தான். என்னைப் பார்த்து ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். விஷயம் அதற்குள் காம்பவுண்டு முழுக்கப் பரவியிருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாளி எடுக்கப் போனான். அவன் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அதைவிட நாலு கிண்டல் அடித்திருக்கலாம். எந்த வாளியிலும் பூச்சி இல்லை.

டாக்டரம்மா காரில்தான் என் வீட்டுக்குப் போனோம். நான் வழி சொன்னேன். மூன்று மாடி ஏறி, அதற்கு மேல் மொட்டை மாடிக்கும் ஏறி, தொட்டிப் பக்கத்தில் முட்டி போட்டு, நாலு மூலையிலும் தண்ணீர் எடுத்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இங்கேயே பார்த்துவிடலாம், மேசை இருக்கிறதா என்று கேட்டார்.

மேசை இருந்தது. நாற்காலி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். என் வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்றில் இரண்டு வருடச் செய்தித்தாள். கை நிறைய வாரி வாரிக் கட்டில்மேல் போட்டேன், பாதி தரையில் சரிந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி கையோடு கொண்டுவந்த சின்ன மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்தார். நான் டீ போடப் போனேன். இரண்டு பேருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தூள் என்பது கை மறந்துவிட்டிருந்தது. நாலு பேர் குடிக்கிற அளவுக்கு வந்தது.

"அதேதான்," என்றார் அறையிலிருந்து.

எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக இறுகியிருந்த தோள்கள் இறங்கியிருந்தன.

"உங்களால எனக்கு ரெண்டு வாரத் தூக்கம் போச்சு, தெரியுமா?"

"தெரியும்மா."

"கேட்டிருந்தா தனியா மூடி போட்ட ஒரு ஜாடியிலயே வளர்த்துக் குடுத்திருப்பேன். திரும்ப ஊத்தாதீங்கன்னும் சொல்லியிருப்பேன்."

கேட்க என்ன காரணம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார் போலும், டீயைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. ஆறரை. எடுக்காமல் விட்டால் அவள் பயந்து மகளைக் கூப்பிட வைப்பாள். எடுத்தேன். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைக்கிற சத்தம் போனில் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு வந்திருக்கா? உங்க சீட்டாட்டக் கும்பலா?" என்றாள் என் வீட்டுக்காரி, சந்தோஷமாக.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் தனியாக இருக்கிறேனே என்று அவள் கவலைப்படக் கூடாது என்பதற்காக, ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு சீட்டாட்டக் கும்பலைப் பிறப்பித்திருந்தேன். நாலு பேர், தினமும் சாயங்காலம் வருவார்கள். நம்புகிற மாதிரி இருக்கட்டுமே என்று அதில் ஒருவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன்கூடச் செய்து வைத்திருந்தேன். இப்போதும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் காலையில் ஐந்து பேருக்கு முன்னால் சொன்னதைச் சொன்ன பிறகு, வாய்க்குப் பழைய பொய் பிடிபடவில்லை.

"கும்பலும் இல்ல, சீட்டும் இல்ல," என்றேன். "ரெண்டு வருஷத்துல இந்த வீட்டுக்கு வந்த மொத ஆளு, எங்க டாக்டரம்மாதான். அவங்களும் பூச்சி பிடிக்கத்தான் வந்தாங்க."

அந்தப் பக்கம் பேரன் எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த ஆபரேஷன்?"

"அதுவும் இல்ல."

"நான் அவருக்காக ரெண்டு நாள் வேண்டிக்கிட்டேங்க," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் மெதுவாக, நான் வேணா ஒரு பத்து நாள் வந்துட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேண்டாம் என்றேன். பேரனை யார் பார்ப்பது, மகளுக்குக் கஷ்டம், நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மளமளவென்று அடுக்கினேன். இரண்டு வருடமாக மனப்பாடம் செய்த பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சரிங்க என்று அவள் வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா டம்ளரை மேசையில் வைத்தார். நீர்த்தெள்ளைப் பார்த்த அதே பார்வையால் என்னைப் பார்த்தார், உள்ளே இருக்கிற அத்தனையும் வெளியே தெரிகிற பிராணியை.

"உங்களுக்குப் பொய்யும் சொல்ல வரல, உண்மையும் சொல்ல வரல," என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று மாடிப் படியிலும் அவர் இறங்குகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து, கார்க் கதவு சாத்துகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். மிச்சம் இருந்த டீயை நானே குடித்தேன், இரண்டு தடவையாக.

கமிட்டி இன்னும் அறுபது நாள் கொடுத்தது. குளத்தைக் காலி செய்து, தேய்த்து, காயப் போட்டு, டாக்டரம்மா கண்ணாடிக் குடுவையில் பத்திரமாக வைத்திருந்த தாய்ப் பாசியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். நிலையத்தின் வேலை விதிகளில் புதிதாகப் பதினாலாவது விதி ஏறியது. குளத்து நீரை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே எடுத்துச் செல்லவோ, வெளி நீரைக் குளத்தில் ஊற்றவோ கூடாது. என்னைக் கம்பிச் சல்லடைக்கு மாற்றினார்கள். குளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று சீஃப் வாயால் சொன்னார், காகிதத்தில் போடவில்லை. அதுவரைக்கும் அவருக்குப் புண்ணியம்.

"அண்ணே, உங்க ஒருத்தருக்காகத் தனிச் சட்டமே போட்டுட்டாங்க," என்றான் மோட்டார், அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கிற மாதிரி. "மந்திரிக்குக்கூட இந்த மரியாதை கிடையாது." ஒரு வாரம் கழித்து வந்த கிண்டல். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சல்லடையில் வேலை கையை விட்டு மூளைக்குப் போகாது. துணி, பிளாஸ்டிக், செருப்பு, ஒரு நாள் ஒரு பல் செட். வாரிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். பன்னிரண்டாம் நாள் காலையில் நிமிர்ந்து பார்த்தபோது, தூரத்தில் குளத்தின்மேல் லேசாகப் பச்சை. வெயில் திரும்பினால் மறைந்துவிடுகிற அளவு. பதினைந்தாம் நாள் வெயில் எப்படித் திரும்பினாலும் பச்சை. சக்கரத்தைத் துடைக்கிற இடத்தில் வேறொரு ஆள் குனிந்திருந்தார். நன்றாகத்தான் துடைத்தார். நான் இல்லாமல் அது வளர்ந்துகொண்டிருந்தது, அப்படி வளர்வதுதான் அதற்கு நல்லது என்று பதினாலாவது விதியே சொல்லுகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நானே அவளைக் கூப்பிட்டேன். இரண்டு வருடமாக அவள்தான் கூப்பிடுவாள், நான் எடுப்பேன். என் பெயரைத் திரையில் பார்த்து அவள் பயந்துவிட்டாள். என்னாச்சு, நெஞ்சு வலியா என்றாள். இல்லை என்றேன். கீழே விழுந்தீங்களா? இல்லை.

"பின்னே?"

"பத்து நாள் வரட்டுமான்னு கேட்டியே."

"ஆமா. நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்க."

"வா," என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஐந்து பேர் உட்கார்ந்த கமிட்டியே பரவாயில்லை.

மகள்கிட்ட பேசிட்டுச் சொல்றேங்க என்றாள். அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிவிட்டான்.

இது நாலு நாளைக்கு முன்னால் நடந்தது. முந்தாநாள் பேசும்போது பேரனுக்குச் சளி என்றாள். நேற்று மகளுக்கு ஆபீஸில் கணக்கு முடிக்கிற வேலை என்றாள். வருவதைப் பற்றிய பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு பேருக்குமே பழக்கம் இல்லை. இன்றைக்குப் பேச்சை நான்தான் எடுக்கப் போகிறேன் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன். ஆறரை வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும். இப்போது மணி ஆறு. அவள் நம்பரை அழுத்திவிட்டேன், அந்தப் பக்கம் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.